மாமியார் ரிலே

மஞ்சள் ஒயரை இழுத்துப் பார்த்தோமா, இல்லையா? என்ஜின் கிளம்பி, தொழிற்சாலையின் பின்பக்கக் கேட்டைத் தாண்டி, சோதனை ஓட்டத்துக்கென்றே போட்டிருக்கும் தனித் தண்டவாளத்தில் ஏறியதிலிருந்து பூங்கோதைக்கு இதே நினைப்பு. சிவப்பை இழுத்துப் பார்த்தாள், ஞாபகம் இருக்கிறது. நீலத்தை இழுத்துப் பார்த்தாள், அதுவும் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் நீலம் கொஞ்சம் முரண்டு பிடித்தது, திருகாணியை இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். அடுத்தது மஞ்சள். மஞ்சளுக்குக் கை போகும்போதுதான் கீழேயிருந்து யாரோ, "மேடம், போட்டோ எடுக்கிறாங்க, வாங்க வாங்க" என்று கூப்பிட்டார்கள். முகப்பில் சந்தனமும் குங்குமமுமாக மாலை போட்டுக்கொண்டு நிற்கிற புது என்ஜினுக்கு முன்னால் எல்லோரும் வரிசை கட்ட, இவளும் ஓடிப்போய் ஓரமாக நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிப் பல்லைக் காட்டிவிட்டு வந்தாள். போட்டோவா முக்கியம்? சனியன் பிடித்த போட்டோ. திரும்பி வந்து மஞ்சளைப் பார்த்தாளா, இல்லை பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பெட்டியின் மூடியைப் போட்டுவிட்டாளா? விரலைக் கேட்டால் இழுத்தேன் என்கிறது. மனசைக் கேட்டால் சத்தியம் பண்ணமாட்டேன் என்கிறது. இப்போது போய்ப் பார்க்கவும் முடியாது. டிரைவர் அறைக்குப் பின்னால் இருக்கும் மெஷின் அறையின் கதவு, மேலே கம்பியிலிருந்து கரண்ட் எடுத்துக்கொண்டிருக்கும்வரை திறக்காது. திறக்கக் கூடாது என்று டிராயிங்கில் போட்டவளே அவள்தான், யாரைக் குற்றம் சொல்வது? பக்கத்தில் நிற்பவரிடம் வாய்விட்டுப் புலம்பவும் வழியில்லை. இன்றைய ஓட்டத்துக்கு ஒரே சட்டம், டிரைவர் அறையில் டிரைவரும் உதவி டிரைவரும் தவிர வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என்ஜினை வாங்க வந்திருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் போட்ட நிபந்தனை அது, நியாயமான நிபந்தனையும்கூட. செய்தவர்களே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து ஓட்டினால் அது என்ன சோதனை? யாராவது பேசினால் ஓட்டம் செல்லாது, முதலிலிருந்து மறுபடி ஓட்டவேண்டும். அதனால் பூங்கோதை பின்சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளுக்குப் பக்கத்தில் மேலதிகாரி தியாகசுந்தரம், கையில் ஒரு வாக்கி டாக்கி, அதையும் ஊமையாக்கி வைத்திருக்கிறார். முன்னால் டிரைவர் அமலதாஸ், அகலமான முதுகு, கழுத்தைச் சுற்றி ஈரத்துண்டு, காலமெல்லாம் ரயில்வேயில் ஓட்டி ரிட்டயர் ஆகி இங்கே சோதனை ஓட்டத்துக்கு வந்தவர். அவருக்கு இடப்பக்கம் உதவி டிரைவர் லோகநாதன், அவரும் அதே லைனில் ஓடியவர்தான். இரண்டு பேரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் ஒயரைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் என்ன ஓட்டம், அடடா! வாயைத்தானே மூடச் சொன்னார்கள், உள்ளுக்குள்ளே சொல்லிக்கொள்ளலாமே. காலுக்குக் கீழே ரப்பர் விரிப்பு மெல்ல அதிர்கிறது, அந்த அதிர்வு முட்டி வரைக்கும் ஏறி வந்து ஒருவிதமாகக் கூசுகிறது. புதுப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. பின்னால் விசிறிகள் ஒரே சுருதியில் இரைகின்றன, அந்த இரைச்சலில் ஒரு பிசிறு இல்லை, இருந்தால் அவள் காது கண்டுபிடித்துவிடும், வீட்டில் மிக்ஸி சத்தம் மாறினாலே எழுந்து போய்ப் பார்க்கிறவள். பின்னால் ஜல்லி ஏற்றிய வேகன்கள் வரிசையாக வருகின்றன, வளைவில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் வால் தெரியமாட்டேன் என்கிறது, அத்தனையையும் சத்தம் போடாமல் இழுத்துக்கொண்டு போகிறாளே என் ராசாத்தி! என்ஜினை ராசாத்தி என்று கூப்பிடுவது வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் சிரிப்பார். சிரிக்கட்டுமே. இது ரெண்டு தண்ணியும் குடிக்கிற வண்டி, லோகநாதன் அப்படித்தான் சொல்வார். வாங்க வந்திருப்பவர்களுடைய தேசத்தில் பாதி தூரம் ஒரு கம்பி, மீதி தூரம் வேறு கம்பி. பழைய லைனில் ஆயிரத்து ஐந்நூறு வோல்ட், நேர்மின்சாரம். புது லைனில் இருபத்தைந்தாயிரம் வோல்ட், மாறுமின்சாரம். ஒன்றில் ஓடுகிற என்ஜின் இன்னொன்றில் ஓடாது, அதனால் நடுவில் ஒரு ஸ்டேஷனில் ஒவ்வொரு ரயிலையும் நிறுத்தி, என்ஜினைக் கழற்றி, வேறு என்ஜின் மாட்டி அனுப்புகிறார்கள், சனங்கள் தூக்கக் கலக்கத்தோடு காத்துக் கிடக்கிறார்களாம். இந்த வண்டிக்கு அந்த வம்பே இல்லை, இந்தக் கம்பியிலும் ஓடும், அந்தக் கம்பியிலும் ஓடும். இங்கே செங்குளம் தொழிற்சாலையில், கருவேலங்காட்டுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் பிறந்த வண்டி. இந்தச் சோதனைத் தண்டவாளத்திலும் அதே மாதிரி பாதிக்கு அந்தக் கம்பி, பாதிக்கு இந்தக் கம்பி, இரண்டுக்கும் நடுவில் கரண்டே இல்லாத ஒரு துண்டு. இதையெல்லாம் மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள், உற்சாகத்தில் பாயசம் இலையில் ஓடுகிறதுகூடத் தெரியாமல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்ன கேட்டார்? "ரயில் சம்பந்தமான வேலைங்கறே, தீபாவளிக்கு ஊருக்குப் போக ரெண்டு டிக்கெட் சொல்லி வைப்பியா?" கேட்டாரே ஒரு கேள்வி! அன்றைக்கு மூஞ்சி தொங்கிப்போனது வாஸ்தவம். இன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வந்து இந்த ரப்பர் விரிப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வைக்கவேண்டும் போலிருக்கிறது. நில்லுங்க மாமா, உள்ளங்காலால கேளுங்க, இது டிக்கெட் விக்கிற வேலையான்னு சொல்லுங்க.

தொண்டை வறண்டு கிடக்கிறது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை, வேண்டுமென்றேதான். இந்தத் தண்டவாளம் முழுக்க ஆண்களுக்கு மரம் இருக்கிறது, அவளுக்கு எங்கே போவது? இத்தனை வருஷத்தில் பெட்டிக்கடை சைஸுக்கு ஒரு பாத்ரூம் கட்ட யாருக்கும் தோன்றவில்லை. போகட்டும், அது வேறு சண்டை, அதையும் ஒருநாள் போடுவாள். இப்போது மஞ்சள் ஒயர். மஞ்சள் ஒயர் எங்கே போகிறது? மேலே கம்பியைத் தொட்டு அளந்து பார்க்கிற கருவியிலிருந்து கிளம்பி, மெஷின் அறையில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்கு வருகிறது, அவளுடைய ரிலேக்கு. அது கழன்றிருந்தால் ரிலே குருடு. கம்பியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. குருட்டு ரிலே என்ன செய்யும்? பேசாமல் இருக்கும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான், என்ஜினுக்குள் கரண்ட்டை விடுகிற பிரேக்கர் எடுத்துக்கொள்ளும். அந்த இடத்தை இன்னும் யோசித்திருக்க வேண்டும், கண் தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லும்படி செய்திருக்க வேண்டும். அடுத்த வண்டியில் அப்படிச் செய்யலாம். அடுத்த வண்டியில் ரிலே இருந்தால்தானே?

இதை நினைத்ததும் அவளையறியாமல் பக்கத்தில் நிற்கும் தியாகசுந்தரத்தைப் பார்க்கிறாள். அவருடைய இடது புருவத்தில் ஒரு சின்ன வழுக்கை உண்டு. லேபில் முதல் பேனல் எரிந்தபோது போன மயிர், திரும்ப முளைக்கவே இல்லை. அன்றைக்கு ஆயிரத்து ஐந்நூறு வோல்ட் சின்னக் கம்பிக்கான பக்கத்தில் இருபத்தைந்தாயிரம் வோல்ட் பெரிய கம்பியின் கரண்ட்டைத் தப்பாகத் தொட்டுவிட்டார்கள், அதிலும் முழுசாகக்கூட இல்லை, ஒரு சிட்டிகைதான். அதற்கே பேனல் டமார் என்று வெடித்து, கதவு பறந்து எதிர்ச்சுவரில் அடித்து, அந்த நாற்றம், அப்பா, கருகின பிளாஸ்டிக்கும் எண்ணெயும் கலந்த அந்த நாற்றம் தலைமயிரில் ஒட்டிக்கொண்டு இரண்டு குளியலுக்கும் போகவில்லை. யார் சுவிட்சைத் தப்பாக வைத்தது என்று ஒரு விசாரணை, ஒரு பையனுக்குத் திட்டு. பூங்கோதைக்கு அது பிடிக்கவில்லை. கை தப்பு பண்ணுவதில்லை, கை பழகினதைப் பண்ணும், அவ்வளவுதான். பழகின கை பண்ணுவதை எது தடுக்கும்? அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவளும் வீட்டுக்காரரும் படுக்கப் போனபிறகு, மாமியார் எழுந்து சமையலறைக்குப் போகிற சத்தம் கேட்டது. "கேஸ் மூடியாச்சு அத்தை" என்று இவள் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் போய் சிலிண்டர் வால்வைத் தொட்டுத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். எத்தனையோ வருஷமாக எரிச்சல் மூட்டின அந்தப் பழக்கம் அன்றைக்கு அவளைப் படுக்கையில் எழுப்பி உட்கார வைத்தது. யார் சொன்னாலும் நம்பாமல், தானே போய்க் கம்பியைத் தொட்டுப் பார்க்கிற ஒரு சாமான் வேண்டும். எந்தக் கம்பி என்று டிரைவர் திருப்பிவைக்கிற சுவிட்ச் என்ன சொல்கிறது, கம்ப்யூட்டர் என்ன சொல்கிறது, டிரைவர் என்ன சொல்கிறார், எதுவும் அதற்குக் காதில் விழக் கூடாது. மேலே கம்பியில் இருப்பது ஒன்று, சுவிட்ச் இருப்பது வேறொன்று என்றால் பிரேக்கரை மூட, அதாவது கரண்ட்டை இணைக்க, விடக் கூடாது. ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் டிரைவர் சீட்டிலிருந்து அதைச் சமாதானப்படுத்தவும் முடியக் கூடாது. வண்டியை நிறுத்தி, கூரையிலிருந்து கம்பியைத் தொடுகிற பேண்டோவை இறக்கி, மெஷின் அறைக்குள் போய், பார்த்துவிட்டு, கையால்தான் எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் யோசனை, செய்து முடிக்க மழைக்காலம் வெயில்காலம் எல்லாம் போனது. ஒர்க்‌ஷாப்பில் அதற்கு மாமியார் ரிலே என்று பேர் வைத்தார்கள், வைத்தது லோகநாதன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். "எதுக்கெடுத்தாலும் வேண்டாங்குது, கோவிச்சுக்கிட்டா எழுந்து போய்க் கால்ல விழணும், வேற என்ன பேரு வைக்கிறது மேடம்?" முதலில் முகம் சிவந்தது. அப்புறம் அவளே போனில், "மாமியாரை டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

தியாகசுந்தரத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "இதப் பாரு கோதை, ரயிலுங்கறது ஓடறதுக்கு. கோவிச்சுக்கிட்டு நடுவழியில நிக்கறதுக்கில்ல. ஸ்கிரீன்ல பெரிய எழுத்துல சுவிட்சை மாத்துன்னு வருது. அதுக்கு மேல என்ன? நாளைக்கு ஒரு எக்ஸ்பிரஸ் வண்டி நட்டநடுக் காட்டுல நின்னா வாங்கினவன் உன்னையா கேப்பான், என்னைக் கேப்பான்." கெட்டவர் இல்லை, எரிந்த பேனலுக்கு முன்னால் இவளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தான் நின்றதால்தான் அந்தப் புருவமே போனது. ஆனால் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். போன வாரம் தீர்மானமாகச் சொல்லிவிட்டார், "இந்த வண்டியில இருக்கட்டும். சோதனை ஓட்டத்துல அது ஒரு வேலையும் செய்யலைன்னா அடுத்த வண்டியிலேர்ந்து எடுத்துடு." என்ன நியாயம் இது! தப்பு நடந்தால் மட்டும் வேலை செய்கிற சாமானிடம், தப்பே நடக்காத ஓட்டத்தில் வேலையைக் காட்டு என்றால்? காவல்காரன் இருக்கிறான் என்று திருடன் வராத வீட்டில், திருடனே வரவில்லையே காவல்காரன் எதற்கு என்று கேட்பது மாதிரி. அன்றைக்கு இதைச் சொல்ல வாய் வந்தது, சொல்லாமல் வந்துவிட்டாள். இப்போது சொல்லவேண்டும் போலிருக்கிறது, இப்போது பார்த்துப் பேசக் கூடாது என்கிறார்கள்.

அமலதாஸ் ஹாரன் அடிக்கிறார். ஏரிக்கரை மேட்டில் எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிகின்றன. அவற்றுக்கு எந்தக் கம்பியில் என்ன ஓடினால் என்ன. இன்னும் கொஞ்ச தூரம்தான், கரண்ட் இல்லாத துண்டு வரப்போகிறது. பூங்கோதைக்குப் பயம், ஆனால் பயம் மட்டும் இல்லை, அதற்கு அடியில் ஒன்று ஒளிந்துகொண்டு நிற்கிறது, அதைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. மறக்கட்டும். அமலதாஸ் சுவிட்சை மாற்ற மறக்கட்டும். சீ, என்ன நினைப்பு இது! ஒரே ஒரு தடவை மறந்தால் போதும், ரிலே என்னவென்று தியாகசுந்தரத்துக்குத் தெரியும். ஐயோ, மஞ்சள் ஒயர் கழன்றிருந்தால்? மறக்க வேண்டாம், சாமி, மறக்கவே வேண்டாம், ஒழுங்காகச் செய்து ஒழுங்காகப் போய்ச் சேரட்டும், தண்டவாளத்தின் அந்தக் கோடியில் பந்தல் போட்டு டீயும் முறுக்கும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு முன்னால் ராசாத்தி கம்பீரமாகப் போய் நிற்கட்டும், கை தட்டட்டும். கை தட்டுவார்கள். அடுத்த வண்டியில் ரிலே இருக்காது. எங்கேயோ பனி பெய்கிற ஊரில், பேர் தெரியாத ஒரு டிரைவர், பேர் தெரியாத ஒரு காலையில், பழகின கையால் பழகினதைச் செய்வான். அவனுக்குப் பின்னால் இதே மாதிரி ஒரு கதவு பறக்கும். அவனுக்காகவாவது அமலதாஸ் இன்றைக்கு மறக்கட்டும். என்ன ஜென்மம் நான், ஒருத்தரைக் காப்பாற்ற இன்னொருத்தர் தப்பு பண்ணவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், அதுவும் நேற்று தன் டிபன் பாக்ஸிலிருந்து மீன் வறுவல் எடுத்துவைத்த மனுஷர்.

தண்டவாள ஓரத்தில், பிரேக்கரைத் திற என்கிற முதல் போர்டு வந்துவிட்டது. "பிரேக்கர் ஓப்பன்!" என்று அமலதாஸ் விரலை நீட்டிச் சத்தமாகச் சொல்கிறார். "பிரேக்கர் ஓப்பன்!" என்று லோகநாதன் திருப்பிச் சொல்கிறார். ரயில் ஓட்டுகிறவர்களின் வழக்கம் அது, எதைச் செய்தாலும் ஒருவர் கூப்பிட்டுச் சொல்ல, மற்றவர் அதையே திருப்பிச் சொல்லவேண்டும், ஒருவர் தவறினால் மற்றவர் பிடிப்பதற்காக. பிரேக்கர் திறந்ததும் விசிறிகள் அடங்குகின்றன. அத்தனை நேரம் இரைந்துகொண்டிருந்த அறையில் திடீரென்று சக்கரச் சத்தம் மட்டும், தடக் தடக், தடக் தடக். கரண்ட் இல்லை, வண்டி போன வேகத்திலேயே உருண்டுகொண்டிருக்கிறது. இந்த அமைதி அவளுக்குப் பிடித்துப்போகிறது, டிராயிங்கில் ஒரு வெள்ளை இடமாக மட்டுமே பார்த்திருக்கிறாள், இத்தனை பெரிதாக இருக்கும் என்று தெரியாது. இப்போது இரண்டாவது போர்டு, சுவிட்சை மாற்று என்கிற போர்டு. நேற்று முழுக்க நிற்கிற வண்டியில் உட்கார வைத்துப் பழக்கினார்கள், ஓப்பன், மாற்று, குளோஸ், ஓப்பன், மாற்று, குளோஸ். இரண்டாவது போர்டு கண்ணாடிக்கு இடப்பக்கம் வருகிறது, பெரிதாகிறது, போய்விட்டது. அமலதாஸின் கை நகரவில்லை. சுவிட்ச் இன்னும் இடப்பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. லோகநாதன் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கிரீனில் பெரிய எழுத்து வந்து வந்து போகிறது, அதை யார் பார்க்கிறார்கள், ரெண்டு பேர் கண்ணும் வெளியே, பிரேக்கரை மூடு என்கிற மூன்றாவது போர்டில். பளிச்சென்று புரிந்துபோகிறது அவளுக்கு. இவர்கள் காலமெல்லாம் ஓட்டின லைனில் இரண்டே போர்டுதான். கரண்ட் இல்லாத துண்டு அங்கேயும் உண்டு, ஆனால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கரண்ட், திறந்து மூடினால் போதும், நடுவில் மாற்ற ஒன்றுமில்லை. அந்தப் பழக்கம் இரண்டு பேருக்கும் ஒன்றே. ஒருவர் தவறினால் மற்றவர் பிடிக்கவேண்டும், ரெண்டு பேரும் ஒரே தப்பைப் பழகியிருந்தால் யார் பிடிப்பது? "பிரேக்கர் குளோஸ்!" விரல் நீள்கிறது. "பிரேக்கர் குளோஸ்!" என்று லோகநாதனும் கணீரென்று சொல்கிறார், அவ்வளவு நம்பிக்கையாக, அவ்வளவு அழகாக. வண்டி பெரிய கம்பிக்குக் கீழே வந்துவிட்டது, சுவிட்ச் சின்னக் கம்பியிலேயே நிற்கிறது. இதைத்தானே கேட்டாய்? கேட்டதும் கொடுத்துவிட்டாரே சாமி! பேசக் கூடாது, பேசினால் ஓட்டம் செல்லாது, பேசாமல் இருந்தால் ரிலே யாரென்று தெரியும், ரிலேக்குக் கண் இருக்கிறது, மஞ்சள் ஒயரை நீ இழுத்துப் பார்த்தாய், இழுத்துப் பார்க்கவில்லை, பார்த்தாய், கதவு பறக்கும், அமலதாஸின் கழுத்துத் துண்டு, அந்த நாற்றம், தியாகசுந்தரத்தின் இன்னொரு புருவம்.

"ஐயோ, கையை எடுங்கண்ணே!"

அலறலாகத்தான் வந்தது. ஒரு வாரமாக அமலதாஸ் சார், அமலதாஸ் சார் என்று கூப்பிட்டவள், வாயில் வந்தது அண்ணே. ஆனால் அந்தக் கை அதற்குள் பொத்தானை அழுத்தி முடித்திருந்தது. அழுத்தினதற்கும் அவள் கத்தினதற்கும் நடுவில், பின்சுவருக்கு அப்பால், ஒரு சத்தம் கேட்டிருந்தது. டக். அவ்வளவுதான். பெட்டிப் பூட்டு விழுகிற மாதிரி ஒரு டக். டிரைவர் மேஜையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. விசிறிகள் கிளம்பவில்லை, எதுவும் வெடிக்கவில்லை, கதவு இருந்த இடத்தில் இருந்தது. அமலதாஸ் ஒன்றும் புரியாமல் இன்னொரு தரம் அழுத்தினார், அசைவே இல்லை. சக்கரச் சத்தம் மெதுவாகி, ஜல்லி வேகன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு முனகி, மொத்த வண்டியும் எருமைகளுக்கும் வானத்துக்கும் நடுவில், பந்தல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நின்றேவிட்டது.

முதலில் பேசினது அமலதாஸ்தான். சுவிட்சைப் பார்த்தார், சிவப்பு விளக்கைப் பார்த்தார், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சீட்டில் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"நீங்க கத்தறதுக்கு முன்னாடியே உங்க மாமியார் கத்திட்டாங்க மேடம்."

"நானும் சேந்து குளோஸ்னு சொன்னேனே" என்றார் லோகநாதன், யாரிடம் என்றில்லாமல். "என் வாயாலயே சொன்னேனே!"

தியாகசுந்தரம் பேண்டோவை இறக்கச் சொல்லி சைகை காட்டினார். கூரை மேலே அது மடங்கி உட்காருகிற சத்தம் கேட்டபிறகு, மெஷின் அறைக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார், பூங்கோதையும் பின்னாலேயே போனாள். உள்ளே வெக்கை. அவர் நடு நடையில் நின்று மூக்கை உறிஞ்சினார், ஒரு தடவை, இரண்டு தடவை. புதுப் பெயின்ட் வாசனை மட்டும்தான். ஒவ்வொரு கதவாகத் தொட்டுக்கொண்டே போனார், எல்லாம் சுடாமல், முழுசாக, சாத்தினது சாத்தினபடி. சாம்பல் நிறப் பெட்டியின் முன்னால் இருவரும் நின்றார்கள். அதன் முகப்பில் சின்னக் கொடி மாதிரி ஒரு தகடு விழுந்து கிடந்தது, வேண்டாம் என்று சொன்னதற்கு அடையாளம். பூங்கோதை மூடியைத் திறந்து மஞ்சள் ஒயரைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தது.

"எதுக்குக் கத்தினே?" என்றார் தியாகசுந்தரம். கோபமாகக் கேட்கவில்லை. "நீ செஞ்சது. உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"பயந்துட்டேன் சார். வெடிச்சா நீங்கள்லாம் இருக்கீங்களே."

"இப்ப மறுபடி முதல்லேர்ந்து ஓட்டணும் தெரியுமில்ல? உன் வாயால."

"ஓட்டலாம் சார்."

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரம், வரக்கூடாத இடம், ஆனால் உள்ளேயிருந்து குபீரென்று ஏறி வந்தது, அடக்க அடக்கக் கண்ணில் தண்ணீராக வந்தது. அவள் பயந்தாள், அது பயப்படவில்லை. அவள் ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று தவித்துக்கொண்டிருந்தாள், அது பாட்டுக்கு மேலே போய்க் கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. பெற்றவளைவிடக் கெட்டிக்காரி. அவள் தொண்டையிலிருந்து சத்தம் கிளம்புவதற்குள் வேலையை முடித்துவிட்டு, இவ்வளவு பதட்டம் எதற்கு என்கிற மாதிரி சும்மா இருக்கிறாள். ஊரில் யாரிடம் போய் இதைச் சொல்ல முடியும்? நின்றுபோன ஒரு ரயிலைக் காட்டி, இதோ பாருங்கள், எவ்வளவு அழகாக நிற்கிறது என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். சொன்னால் சொல்லட்டும். இந்தச் செங்குளத்தில் எத்தனையோ என்ஜின்கள் ஓடிப்போயிருக்கின்றன, எதுவும் அவளை இவ்வளவு கர்வப்பட வைத்ததில்லை. நடுத்தண்டவாளத்தில் நிற்கிறதே, இதுதான் வைத்தது.

டிரைவர் அறைக்குத் திரும்பினபோது தியாகசுந்தரத்தின் வாக்கி டாக்கியில் விளக்கு மினுக்கியது. அவர் சத்தத்தைக் கூட்டினார். பந்தலிலிருந்து யாரோ மூச்சு வாங்கப் பேசினார்கள்.

"சார், வண்டி ஏன் நின்னுடுச்சு? இங்க எல்லாரும் எழுந்து நின்னு பாக்கறாங்க சார். பெயிலாயிடுச்சான்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

தியாகசுந்தரம் வாக்கி டாக்கியைப் பார்த்தார், புருவத்தை ஒரு விரலால் தடவிக்கொண்டார், பிறகு அதைப் பூங்கோதையிடம் நீட்டினார். "நீ சொல்லு."

வாங்கிக்கொண்டாள். பொத்தானில் விரலை வைத்துவிட்டு அமலதாஸைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவர் பேர் போகும், இத்தனை வருஷம் ஒரு கரும்புள்ளி இல்லாமல் ஓட்டின மனுஷர், வெளிநாட்டுக்காரர்கள் முன்னால், இளவட்டங்கள் முன்னால். பொய் சொன்னால் ரிலே பேர் போகும். விரல் அப்படியே நின்றது.

அமலதாஸுக்குப் புரிந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"சொல்லுங்க மேடம். டிரைவர் மறந்துட்டான்னே சொல்லுங்க. மறந்தும் உசுரோட உக்காந்திருக்கான்னு சேத்துச் சொல்லுங்க."

பூங்கோதை பொத்தானை அழுத்தினாள். சொன்னாள். அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னாள். ரிலே தடுத்ததால்தான் வண்டி நின்றது என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"அடுத்த வண்டியிலயும் அது இருக்கும்னு சொல்லு" என்றார் தியாகசுந்தரம், கண்ணாடிக்கு வெளியே எருமைகளைப் பார்த்துக்கொண்டே.

அதையும் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டாள்.